பத்தாயத்தின் அடியில் ஒரு சாரை

எண்பதுகளின் தொடக்கம், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காரைக்காலிலிருந்து பொறையாறு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். மடியில் துணிப்பையுடன் அவள் கோட்டுச்சேரியிலுள்ள தாய்வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிறாள். திருப்பி அழைத்துப்போக அவரும் பின்னாலேயே ஏறியிருந்தார்.

"பாம்பு பாட்டுக்குப் பாம்பு இருக்கு. நீ எதுக்கு வீட்டை விட்டுப் போற?" என்றார். அதைக் கேட்டுத்தான் நான் செய்தித்தாளை மடித்தேன்.

"பத்தாயத்துக்கு அடியில அவ்ளோ பெரிய சாரை கெடக்குதுங்க. நெல்லு அள்ளப் போனா கையில வாலு படுது."

"சாரைக்கு வெஷம் ஏது? எலியைத் தின்னு நம்ம நெல்லைக் காப்பாத்துது. உங்கிட்ட கூலியா கேக்குது?"

"எலி ஏன் வருது?"

"நெல்லு இருக்கு, வருது."

"அப்ப நெல்லை வித்துடுங்க. நெல்லு போனா எலி போயிடும். எலி போனா பாம்பு போயிடும். பாம்பு போனா நான் வந்துடுறேன்."

"வெல ஏறாம விக்க மாட்டேன்."

"அதுவரைக்கும் பாம்புக்கிட்டயே சமைச்சுப் போடச் சொல்லுங்க."

கோட்டுச்சேரி வந்ததும் அவள் இறங்கினாள். நடத்துனர் விசிலை வாயில் வைத்தபோது அவரும் அவசரமாக இறங்கினார்.

"நீங்க எங்க வர்றீங்க?"

"வீட்டைப் பாம்பு பாத்துக்கும். சோறு இருக்கிற எடத்துக்குத்தானே எலியும் வருது? நானும் வந்துட்டேன்," என்று அவள் பையை வாங்கிக்கொண்டார்.