சன்மைக்கா ஒட்டாத மேஸ்திரி

— அய்யோ, இதுல உட்காரவா சொல்றீங்க? இது ரயில் பெட்டி சீட்டு இல்ல?

— சீட்டுதான். பாகாலா ஸ்டேஷன்ல பழைய பெட்டி ஒண்ணு ஏலத்துக்கு வந்துச்சு. பலகையெல்லாம் தேக்கு. எண்ணெய் போட்டுத் தேய்ச்சு இந்த சலூன்காரருக்கு பெஞ்சு பண்ணிக் குடுத்தேன்.

— சலூன்ல நான் உட்கார்ந்தா திருப்பதியே சிரிக்கும், மேஸ்திரி. வாசல்லயே நின்னு பார்த்துக்கிறேன். அந்த விளக்கு?

— அது ஒண்ணுமில்ல, சர்க்கரை ஆலையில தொங்கின எனாமல் விளக்கு. பொத்தலை அடைச்சு, வெள்ளை பூசி மாட்டினேன்.

— கீழ ஒருத்தர் மலையில மொட்டை போட்டுட்டு தாடி எடுக்க வந்திருக்காரே. வெளிச்சம் விளக்குலருந்து வருதா, தலையிலருந்து வருதா?

— மெதுவா பேசுங்க சிஸ்டர். சாமி கும்பிட்டுட்டு வந்தவங்க.

— சிஸ்டரா? ஆஸ்பத்திரியில நாள் பூரா அதைத்தான் கேக்கறேன். பொண்ணோட அக்கா நான். அக்கான்னு கூப்பிட்டா வாய் வெந்துடுமா?

— என்னைவிட உங்களுக்கு ரெண்டு வயசு கம்மி. எப்படி அக்கான்னு...

— என் வயசு எப்படித் தெரியும்? என் தங்கச்சி தபீதாளைப் பத்தி விசாரிக்கச் சொன்னா, என்னைப் பத்தியா விசாரிச்சீங்க?

— அய்ய, பாஸ்டர் ஐயாதான் சொன்னாரு. சித்தூர்லருந்து பெரிய பொண்ணு ஜெயகுமாரி, நர்ஸு, நைனாவக் கூட்டிக்கினு மாப்பிள்ளை பார்க்க வருதுன்னு.

— நைனா கால் வலின்னு பாஸ்டர் வீட்டுலயே உட்கார்ந்துட்டாரு. பரீட்சை வைக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு.

— இதுவரைக்கும் எவ்ளோ மார்க்கு?

— பேருலயே பாதி போச்சு. உங்க பேரு சுந்தர்சிங்னு சொன்னதும், மாப்பிள்ளை பஞ்சாபான்னு கேக்கறா எங்க வார்டு நர்ஸு ஒருத்தி. தலப்பா எங்க, தாடி எங்கன்னு ஒரே கூத்து.

— அது கிறிஸ்தவ சாது ஒருத்தர் பேரு. மொட்டைக்காரங்க ஊருல தாடி வச்சா தாங்குமா? வாங்க, அடுத்தது நகரி வேதாச்சலம் துணிக்கடை. புடவை தொங்குதே, அந்த உருளையெல்லாம் பழைய தறியில இருந்தது.

— தறியில நெய்ஞ்ச புடவை, மறுபடியும் தறியிலயே தொங்குதா? பாவம், அதுக்கு விடுதலையே இல்ல.

— அவரும் அதான் திட்டினாரு. "வீட்டுத் தறியில பார்த்துக்கினு இருந்த கட்டைய கடையிலயும் மாட்டிட்டியே"ன்னாரு. இப்ப வர்றவங்க புடவையத் தொடறதுக்கு முன்னாடி உருளையத்தான் தொட்டுப் பார்க்கறாங்க.

— எதிர்க்கடையப் பாருங்க. பலகை மேல பளபளன்னு சன்மைக்கா ஒட்டி, டியூப் லைட்டு, சுவரு பூரா கண்ணாடி. எண்பத்தி மூணு நடக்குது மேஸ்திரி. ஊரே பளபளன்னு மாறுது. நீங்க மட்டும் துருவுக்கு பவுடர் போட்டுக்கினு இருக்கீங்க.

— சன்மைக்கா ரெண்டு மழைக்கு ஓரம் தூக்கிடும். இது தூக்காது. மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்கதான். காயலான்கடை மாப்பிள்ளைன்னு பேரே வச்சாங்க. இப்ப இந்தத் தெருவுல அஞ்சாறு கடை என் கைதான்.

— காயலான்கடை மாப்பிள்ளையா! ஸ்தோத்திரம். இதுக்கே பத்து மார்க்கு போடலாம்.

— கூட்டிக்கினு போயி காட்டினதுக்கு ஒண்ணும் இல்லயா?

— அவசரப்படாதீங்க. கேள்வி இன்னும் முடியல. நைட் டியூட்டி முடிச்சு காலையில தூக்கக் கண்ணோட வர்ற பொண்டாட்டிக்கு காபி போட்டுக் குடுப்பீங்களா?

— காபி நல்லாவே போடுவேன். ஆனா உங்க தங்கச்சி டீச்சர்னு சொன்னாங்களே? ஸ்கூல்ல ஏது நைட் டியூட்டி?

— அது... ஒரு பேச்சுக்குக் கேட்டேன். நடங்க, எனக்குப் பசிக்குது.

— தோ, ரங்கையா மெஸ்ஸு. இங்க இட்லி துன்னா மார்க்கு தானா ஏறும்.

— ரண்டி ரண்டி மேஸ்திரி! பெள்ளிகூத்துரு இவங்கதானா? ஜோடி பாகுந்தி, ரொம்பப் பொருத்தம்!

— ரங்கையா, சும்மா இரு. பொண்ணு இவங்க இல்ல. பொண்ணோட அக்கா.

— அய்யய்யோ, தப்பா சொல்லிட்டேன். கூச்சோண்டம்மா, உட்காருங்க. இந்த டேபிளு மேஸ்திரி பண்ணதுதான். எத்தினி பேரு மோதினாலும் ஒரு ஆட்டம் இல்ல. இட்லி கொண்டாரேன்.

— மேல கண்ணாடி, அடியில இவ்ளோ பெரிய இரும்புச் சக்கரம். இது எந்தத் தேருலருந்து கழட்டினது?

— கடலை எண்ணெய் மில்லுல பெல்ட்டு ஓடற சக்கரம்.

— ஏன் இதுக்கு மட்டும் குரல் இறங்குது? அப்புறம் இன்னொண்ணு. வந்ததுலருந்து பார்க்கறேன், உங்க இடது கை பாக்கெட்டை விட்டு வெளிய வரவே இல்ல. உள்ள என்ன, பொரிகடலையா?

— சொல்லணும்னுதான் இருந்தேன் சிஸ்டர். போட்டோ எடுக்கும்போதும் முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கினேன். பொண்ணு வீட்டுக்குத் தெரியாம இருக்கக் கூடாது. தோ, பாருங்க.

— ரெண்டு விரலா?

— ரெண்டும் பாதி பாதி. நான் அந்த மில்லுல ஃபிட்டர். பெல்ட்டு நழுவுச்சு, தள்ளி விடப் போனேன். கைய இழுத்துக்கிச்சு.

— இப்படி வெளிச்சத்துல காட்டுங்க. யாரு தையல் போட்டது? கோணி மூட்டை தச்சா மாதிரி இருக்குது. நான் பக்கத்துல இருந்திருந்தா கத்தியிருப்பேன். இன்னும் வலிக்குதா?

— குளிர்காலத்துல மட்டும். விடுங்க, ரங்கையா பார்க்கறான்.

— பார்க்கட்டும். கையப் பார்க்கறது என் வேலை. எந்தச் சக்கரம் அது?

— தோ, இட்லி வந்துடுச்சு, ஆறிடும்.

— மேஸ்திரி, எந்தச் சக்கரம்னு கேட்டேன்.

— இதுதான்.

— அடப்பாவி மனுசா! இதும்மேலயா எனக்கு இட்லி வச்சீங்க?

— மில்ல மூடினதும் சாமானெல்லாம் உருக்கப் போவுதுன்னாங்க. கோவத்துல இத நானே கேட்டு வாங்கிக்கினு வந்தேன். சம்மட்டியால அடிச்சு நொறுக்கணும்னு. துருவ எடுத்துட்டுப் பார்த்தா, அவ்ளோ அழகு. ஆரக்காலு ஒவ்வொண்ணையும் லேசா வளைச்சு வார்த்திருக்கான் எவனோ ஒருத்தன். இதும்மேல என்ன கோவம்? நாலு பேரு உட்கார்ந்து துன்னட்டும்னு டேபிளாக்கிட்டேன். நான் பண்ண மொத டேபிளு இதான்.

— அந்தக் காரச் சட்னிய இப்படித் தள்ளுங்க.

— கண்ணு கலங்குதே, உங்களுக்குக் காரம் ஆவாதா?

— ஆவாது. அதனாலதான் கேக்கறேன். கண்ணு கலங்கினா காரம்னு சொல்லிக்கலாம் பாருங்க.

— ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? ரங்கையா ஜோடின்னு சொன்னப்ப உங்க முகம் ஒரு மாதிரி ஆச்சு. அவன் தெரியாம சொல்லிட்டான்.

— அதுக்கு இல்ல மேஸ்திரி. என் வீட்டுக்காரர் தவறினதுக்கப்புறம் யாரும் என்னை அப்படிப் பார்த்ததே இல்ல. கல்யாணம்னா காபி தட்டு தூக்கக் கூப்பிடுவாங்க. போட்டோவுல நிக்கக் கூப்பிட மாட்டாங்க. பழகிடுச்சு.

— அதெல்லாம் பழகக் கூடாது.

— பழைய சாமானுக்கெல்லாம் எண்ணெய் போடற ஆளு, நீங்க அப்படித்தான் சொல்வீங்க.

— உங்களைப் போயி நான் பழைய சாமான்னு சொல்வேனா? சத்தியமா இல்ல!

— அய்யோ, மூஞ்சியப் பாரு, சலூன்ல மாட்டின விளக்கு மாதிரி வெளுத்துப் போச்சு. கிண்டல் பண்ணேன்பா.

— எனக்கு இப்ப கிண்டல் தாங்காது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. இந்தச் சம்பந்தம் வேணாம். தபீதாளுக்கு என்னைவிட நல்ல மாப்பிள்ளையா பாருங்க.

— இன்னாது? விரலுக்காகவா? எங்க வீட்டுல அதெல்லாம் ஒரு குறையா நெனைக்க மாட்டோம்.

— விரலு இல்ல. அந்தப் பொண்ணு மேலயும் ஒரு குறையும் இல்ல. போட்டோவுல பார்த்தேன், அவ்ளோதான். காலையிலருந்து உங்களோட தெருத்தெருவா சுத்திட்டு, இனிமே உங்களை வீட்டுக்கு வந்துபோற சொந்தக்காரியா பார்க்க என்னால ஆவாது. நைனாகிட்ட நானே வந்து சொல்றேன். திட்டட்டும். சபையில நாலு பேரு பேசட்டும்.

— குரல இறக்குங்க. ரங்கையா தோசையக் கருக்கிக்கினு நம்மளயே பார்க்கறாரு.

— கருகட்டும். பதில் சொல்லுங்க. இல்லன்னா எழுந்து போயிடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்.

— நைனா எதிர்ல நின்னு இதே மாதிரி தடுமாறாம சொல்வீங்களா?

— சொல்வேன். உங்க தங்கச்சி மனசு நோவுமேன்னுதான் பயமா இருக்குது.

— நோவாது. உங்க போட்டோவப் பார்த்துட்டு தபீதாள் போன வாரமே எங்கிட்ட வேணாம்னுட்டா. நைனாகிட்ட சொல்லாதடின்னு அவ வாயக் கட்டிப் போட்டுட்டு, நான் எனக்காகத்தான் பஸ் ஏறி வந்தேன்.