சியாஃபுவைச் செஞ்ச ஆளு

கலோண்டு: ...அதான் சொல்றேன்ல, ஆன் பண்ணாதீங்க! ஒரு மெஷினையும் தொடாதீங்க, மசாக்கு அண்ணா!

மசாக்கு: இனிமே எதத் தொடாம இருக்கிறது? ஆறும் போயிருச்சு கலோண்டு. ஆறு ஸ்க்ரீனும் கறுப்பு. ஃபேன் மட்டும் விமானம் கிளம்புற மாதிரி கத்துது.

கலோண்டு: ஆறுமா...

மசாக்கு: நீ எதுக்கு அழுற? கேம் கடை என்னுது.

கலோண்டு: அழல.

மசாக்கு: மூக்கு உறிஞ்சுறது இங்க கேக்குது. கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன்.

கலோண்டு: முடியாது. திரைக்கு அந்தப் பக்கம் அம்மா தூங்குறாங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு விக்கிறதுக்கு மண்டாசிப் பலகாரம் சுடணும். இப்ப முழிச்சாங்கன்னா ஃபோனப் புடுங்கிருவாங்க.

மசாக்கு: நாளைக்குப் பத்து மணிக்குப் போட்டி. தீக்காவுலருந்து ரெண்டு டீம், கிடெங்கேலாவுலருந்து ஒண்ணு. இந்த பைப்லைன் ஏரியாவுலயே மொத போட்டி நம்ம கடையிலதான். போஸ்டர்ல என் மூஞ்சிய வேற போட்டுத் தொலைச்சேன்.

கலோண்டு: பாத்தேன். நல்லா இளிச்சுக்கிட்டு இருந்தீங்க.

மசாக்கு: இந்த நேரத்துலயும் உனக்குக் கிண்டல்...

கலோண்டு: பயத்துல வருதுண்ணா. என்ன ஆச்சுன்னு மொதல்லருந்து சொல்லுங்க.

மசாக்கு: என்னத்த ஆச்சு? பழைய மெஷின்ல கேம வேகமா ஓட வைக்குமே அந்த சாஃப்ட்வேர், சியாஃபு, அதுக்கு அப்டேட் வந்துச்சு. போட்டிக்கு முன்னாடி நல்லதாப் போச்சுன்னு ஆறுலயும் ஏத்துனேன். அஞ்சு நிமிஷம் கேம் தண்ணி மாதிரி ஓடுச்சு. அப்புறம் பொட்டுனு செத்துச்சு. மறுபடி ஆன் பண்ணா பேரு வருது, மூச்சு விடுறதுக்குள்ள கறுப்பாயிருது.

கலோண்டு: ம்... அப்படித்தான் ஆகும்.

மசாக்கு: உனக்கு எப்படித் தெரியும்?

கலோண்டு: அது... என் மெஷினும்தான்.

மசாக்கு: உன்னுதுமா? பாவம்.

கலோண்டு: அந்த ஆளத் திட்டணும்னா திட்டிக்கோங்க.

மசாக்கு: எந்த ஆள?

கலோண்டு: சியாஃபுவைச் செஞ்ச ஆள.

மசாக்கு: நான் ஏன் திட்டணும்? ஏய், இந்த ஆறு டப்பாவும் எங்கருந்து வந்துச்சு தெரியுமா? வெளிநாட்டு பேங்க்ல கணக்கு எழுதித் தேஞ்சு, வேணாம்னு தூக்கிப் போட்டு, கண்டெய்னர்ல மொம்பாசா துறைமுகத்துக்கு வந்து எறங்குன மெஷினுங்க. இதுல கேமா? சீட்டாட்டம் போட்டாலே மூச்சு வாங்கும்.

கலோண்டு: வாங்கும்தான்.

மசாக்கு: அதுல சியாஃபு போட்ட அன்னைக்கு... கார் ரேஸ் கேம்ல மழை பெய்யுற ரோடு இருக்குல்ல? ஈர ரோட்டுல பின்னால வர்ற காரோட லைட்டு நீளமா விழுந்துச்சு. கடையில இருந்த பதினோரு பசங்களும் அந்த ஒரு ஸ்க்ரீன் கிட்ட வந்து முண்டுனானுங்க. அந்த ஆளு என்ன பண்ணியிருக்கான் பாரு... படத்தச் சின்னதா வரையச் சொல்லிட்டு அப்புறம் பெருசாக்குறான். யாரும் பாக்காத தூரத்து நிழல அணைச்சுப் போடுறான். ரெண்டு படத்துக்கு நடுவுல இன்னொரு படத்த அவனே சொருகிடுறான். சியாஃபுன்னு எறும்பு பேர வச்சுக்கிட்டு ஆனையச் சுமக்க வச்சுட்டான்.

கலோண்டு: அந்த நிழல் விஷயம் யாருமே கவனிக்கலன்னு நெனச்சேன்.

மசாக்கு: நான் கவனிப்பேன்ல! சரி, இப்ப என்ன பண்றது? மெஷினு செத்துருச்சா, இல்லையா?

கலோண்டு: சாகல. ஒண்ண எடுங்க. கரண்ட் வயரப் பிடுங்குங்க. மூடியத் திறங்க.

மசாக்கு: திருப்புளி எங்க வச்சேன்...

கலோண்டு: வேணாம். பேங்க் மெஷின்ல பின்னால ஒரு பிடி இருக்கும். இழுத்தாலே திறக்கும்.

மசாக்கு: அட! ரெண்டு வருஷமா கத்தி வச்சு நெம்புனேனே.

கலோண்டு: உள்ள படம் வரையுற கிராஃபிக்ஸ் கார்டு இருக்கா? அதக் கழட்டுங்க. ஸ்க்ரீன் வயர பின்னால மேல இருக்கிற ஓட்டையில சொருகுங்க. இப்ப ஆன் பண்ணுங்க.

மசாக்கு: இரு... இரு... வருது... ஏய்! நிக்குது! கறுப்பாகல! படம் மங்கலா இருக்கு, ஆனா நிக்குது! அம்மாடி, நீ டாக்டர்!

கலோண்டு: மெதுவாண்ணா! சியாஃபுவத் திறங்க. கடைசிப் பக்கத்துல 'ஆன் ஆகும்போதே வேகத்த ஏத்து'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் இருக்கா?

மசாக்கு: இருக்கு. நான் போடலையே இத.

கலோண்டு: எடுத்துருங்க. அதுதான் ஆன் பண்ணதுமே கார்டத் தாங்காத வேகத்துல ஓட்டிக் கறுப்பாக்குது. மெஷின அணைச்சு, கார்டத் திருப்பி மாட்டி, ஸ்க்ரீன் வயரப் பழைய இடத்துலயே சொருகுங்க. பழையபடி ஓடும். ஆறுக்கும் இப்படியே.

மசாக்கு: இரு, இந்த டிக் எப்படி வந்துச்சு? அந்த ஆளு ஒவ்வொரு அப்டேட்லயும் எழுதுவானே, 'ஒரு மணி நேரம் ஓட்டிப் பாரு, அப்புறமா டிக் போடு'ன்னு. இந்த வேலை தெரிஞ்சவன் எவனும் டிக்க முன்னாடியே போட மாட்டான்.

கலோண்டு: சோதிச்சுப் பாக்குறப்ப போட்டது. வெளிய விடுறப்ப எடுக்க மறந்தாச்சு. அவசரத்துல.

மசாக்கு: அவனுக்கு என்ன அவசரம்?

கலோண்டு: நாளைக்கு உங்க போட்டி.

மசாக்கு: ...என்ன சொன்ன?

கலோண்டு: உங்க போட்டிக்குள்ள கேம் இன்னும் நல்லா ஓடணும்னு நெனச்சேன். சோதிச்சப்ப என் கார்டு தாங்குச்சு, அப்புறம்தான் அதுவும் போச்சு. உங்க கார்டு தாங்கும்னு நெனச்சுட்டேன்.

மசாக்கு: கலோண்டு.

கலோண்டு: நான்தாண்ணா. சியாஃபு நான்தான் பண்ணேன்.

மசாக்கு: நீயா? ஸ்கூல் யூனிஃபார்ம்ல வந்து மூலையில உக்காருவியே, நீயா?

கலோண்டு: ம்.

மசாக்கு: ஒரு ரவுண்டு ஆடுன்னா ஆட மாட்டியே! சும்மா பசங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்ப...

கலோண்டு: எங்க திக்குது, எங்க ஓடுதுன்னு அவனுங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியும். வீட்டுக்குப் போய்ச் சரி பண்ணுவேன்.

மசாக்கு: கடவுளே... ரெண்டு வருஷமா பக்கத்துலயா உக்காந்திருந்த!

கலோண்டு: அப்புறம் ஆச்சரியப்படுங்கண்ணா. இன்னைக்கு ராத்திரி மட்டும் இருநூத்தி பன்னெண்டு மெஷின் அந்த அப்டேட்ட எடுத்திருக்கு. நான் அத நெட்லருந்து தூக்கிட்டேன், ஆனா எடுத்தவங்க எடுத்ததுதான். காலைல ஊர் பூரா கேம் கடைங்க கறுப்பாக் கெடக்கும். அவங்க கார்டையும் டப்பாவையும் குப்பையில போடுறதுக்கு முன்னாடி சொல்லணும். ஆனா பதினாறு வயசுப் பொண்ணு பண்ணதுன்னு தெரிஞ்சா நாளைக்கே எல்லாரும் சியாஃபுவ அழிச்சுருவாங்க. உங்களத்தான் எல்லா கடைக்காரங்களுக்கும் தெரியும். நீங்க சொன்னா கேப்பாங்க. ...அண்ணா? என் மேல கோவமா?

மசாக்கு: கோவமில்ல. வாசல்ல தட்டுறாங்க.

கலோண்டு: யாரு, இந்த நேரத்துல?

மசாக்கு: எதிர் பில்டிங்கு கேம் கடைக்காரன். செத்த மெஷினத் தோள்ல தூக்கிட்டு வந்து நிக்கிறான், பின்னாலயே இன்னும் மூணு பேரு. நான் உன்கிட்டயும் ஒண்ணு மறைச்சுட்டேன் கலோண்டு... ரெண்டு வருஷமா அவங்க எல்லார்கிட்டயும் சியாஃபுவ நான்தான் செஞ்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன். இப்ப கதவத் திறந்து நான் யாரு பேரச் சொல்லட்டும்?