அடைத்த பொந்து

ஜெர்மனியின் குளிரைப் பற்றி நம் ஊரில் மிகையாகத்தான் சொல்கிறார்கள். நல்ல காலணி இருந்தால் பழகிவிடும். நார்கொண்டாம் தீவின் இருவாச்சிகளே பழகிவிட்டன.

அந்தமான் கடலில் ஒரு சிறு தீவுக்காடு. அதைவிட்டால் அந்தப் பறவைக்கு வேறு வீடில்லை. 1972இல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஜோடி வந்தது. அதைக் கவனித்தவள் சியாமளா. அங்கே தமிழர்கள் நாங்கள் இருவர்தான்.

அந்த வசந்தத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், எச்சத்தால் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டது. உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். சிறு பிளவு வழியாக ஆண் ஊட்டும் அத்திப்பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர். உள்ளிருந்து குஞ்சின் குரல் கேட்டதும் பேராசிரியர் பூரித்துப்போனார். அடுத்த ஆண்டு எங்களில் ஒருவரைத்தான் வேலையில் வைத்துக்கொள்ள முடியும் என்றும் சொன்னார். அது யார் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை.

எனக்குப் பொறாமை இல்லை. ஆண் வராவிட்டால் பெண் சுவரை உடைக்குமா, காத்திருக்குமா? நியாயமான கேள்விதானே.

"ஆண் செத்துப்போச்சு, சியாமளா. ஏதோ இன்ஃபெக்‌ஷன். எரிச்சுட்டாங்க," என்றேன்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே, ரகு," என்றாள். அவ்வளவுதான்.

ஆணின் கழுத்து செம்பழுப்பு. அதே நிறத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இடுக்கியில் பழம் பிடித்துப் பிளவருகே நின்றாள். "வாங்கிக்கோம்மா, கொஞ்சமாவது வாங்கிக்கோ." பெண் உள்ளே ஒதுங்கிக்கொண்டது.

"சுவரை உடைச்சுடட்டுமா, ரகு?"

"வேண்டாம். பயத்துலயே செத்துடும்."

என்மேல் அவளுக்கு நம்பிக்கை. உடைக்கவில்லை.

முதலில் குஞ்சின் குரல் நின்றது. பிறகு பிளவில் அலகு தெரியவில்லை. திறந்தபோது, உதிர்ந்த இறகுகளோடு தாய் குஞ்சை மூடிக் கிடந்தது. "எனக்குத்தான் ஊட்டத் தெரியலை," என்று சியாமளா அழுதாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். கோடை முடிவதற்குள் அவள் சென்னைக்குத் திரும்பிவிட்டாள். நான் இங்கே தங்கினேன்.

விசாரிக்க வந்த நீங்கள் அடுத்த கட்டடத்தின் நிலவறையில் கண்ட ஆண் பறவை அதுதான். அதை நான் கொல்லவில்லை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றினேன். நன்றாகச் சாப்பிட்டது. பாதிப் பழத்தை விழுங்காமல் வைத்திருந்து, கதவின் சாவித்துவாரத்தில் ஊட்டிக்கொண்டே இருந்தது. நான் தினமும் துடைத்தேன். ஒரு நாள்கூட அந்தக் கதவை அசுத்தமாக விட்டதில்லை.