தங்கமயிலின் நிறம்

வாக்குமூலம் எழுதிக்கொள்கிற நீங்கள் மாட்டுங்காத் தமிழர் என்பது எனக்குச் சௌகரியம், ஐயா. என் இந்தி கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும். நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரமும் இல்லை, கோபமும் இல்லை.

என் பெயர் ஞானதுரை. தாராவியில் அப்துல் ரவூப் பாயின் ஸ்டூடியோவில் ஒன்பது வருஷமாகக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் ஏற்றுகிறேன். தோல் பதனிடுகிறவர், மில் தொழிலாளி, யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் செவப்பாப் போடுங்க." போடுவேன். ஊரிலிருக்கும் பெண்டாட்டிமார் பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அதில் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

அறுபத்து நாலு ஆவணியில், எங்கள் சந்தில் இட்லி விற்கும் அன்னத்தாய் தன் மகள் தங்கமயிலைப் படமெடுக்க அழைத்து வந்தாள். தூத்துக்குடியில் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக. நல்ல கறுப்பு அந்தப் பெண். எனக்கு அவளை இரண்டு வருஷமாகத் தெரியும், அதாவது, பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அந்த ஒரு படத்தில் உட்கார்ந்தேன். கன்னத்துக்கு ரோஜா, கழுத்துக்குச் சந்தனம். நான் செய்ததிலேயே சிறந்த வேலை அது.

அவள் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு இது? அழிச்சிட்டு என் கறுப்பையே போடுங்க. நேர்ல பாக்கறவன் ஏமாந்து போவாம்லா."

வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. தூத்துக்குடி எதற்கு, நானே கட்டிக்கொள்கிறேனே என்று கேட்டுவிட்டேன். அன்னத்தாய் தயங்கினாள். மகள் தயங்கவில்லை.

"மூணு நாளா என் மொகத்தத்தான பாத்துக்கிட்டு இருந்தீய. அப்பவும் நான் உங்க கண்ணுல படலியே. எனக்கு வேண்டாம்."

கடையில் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்டபடி அவள் நிறத்தையே போட்டேன், இரண்டு பிரதி. தாய்க்கும் மகளுக்கும் எழுத வராது. விலாசம் எழுதித் தபாலில் சேர்த்தது நான். அவர்களுக்குக் காட்டியது ஒரு பிரதி. உறையில் போனது மற்றது. அதில் வலது தாடையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெளுத்த திட்டு வைத்திருந்தேன். வெண்குஷ்டம் எப்படித் தொடங்குமோ அப்படி.

தூத்துக்குடியிலிருந்து பதில் இல்லை. அடுத்து திசையன்விளை, அங்கும் அதே மாதிரிப் படம், அதே மௌனம். மூன்றாவதாக உடன்குடிக்காரர்கள் படத்தைக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசித்துச் சொல்லும்படி அன்னத்தாய் என்னிடமே கொண்டுவந்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ன தம்பி, வெள்ளையா? நீ காட்டுன படத்துல இல்லியே. அவ மொகத்துலயும் இல்லியே."

"காமிராவுக்கு மொதல்லயே தெரிஞ்சிரும், அத்தை. நம்ம கண்ணுக்கு வர ஆறு மாசம் ஆவும். நீங்க பயப்படக் கூடாதுன்னுதான் உங்க படத்துல மறைச்சேன்."

அவள் நம்பினாள். அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. பத்தொன்பது வருஷம் கழுவித் துடைத்த முகத்தைவிட என் சாயத்தை நம்பினாள். ஒரு வாரத்தில் சந்து முழுவதும் அந்தத் தாடையை உற்றுப் பார்த்தது. பார்த்தவர்களுக்குத் தெரியவும் செய்தது. இட்லி மிஞ்சியது. தங்கமயில் கண்ணாடியைத் தாயின் முன்னால் வைத்து, "எங்க இருக்கு, காட்டு" என்று கத்தினாளாம்.

அன்னத்தாய் மருந்து கேட்டு வந்தாள். படம் கழுவுகிற அமிலத்தைச் சின்ன சீசாவில் ஊற்றிக் கொடுத்தேன். பெண் சம்மதிக்க மாட்டாள், மத்தியானம் தூங்கும்போது பஞ்சில் தொட்டு வைக்கச் சொன்னதும் நான்தான். தங்கமயில் திடுக்கிட்டு எழுந்ததில் சீசா கவிழ்ந்து, தாடையிலிருந்து கழுத்து வரை வெந்துவிட்டது. நான் சொன்னது ஒரு பொட்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப் பிரித்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அவள் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் என்னைக் கைநீட்டிக் காட்டினாள்.

எல்லாம் நான் செய்ததுதான், மறுக்கவில்லை. ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. இனி அவளைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் நானே கட்டிக்கொள்கிறேன். ஒரு பெண்ணிடம் நிறத்தைப் பார்க்கிறவன் இல்லை நான்.