பதினோரு நிமிஷம்

இல்ல சார், கையெழுத்துப் போட மாட்டேன். எத்தன தடவ நீட்டுனாலும் மாட்டேன். நான் ஓடிப்போய்ப் பாத்தப்ப பெட்ரோல் கொழா மூடியிருந்துச்சுன்னு சொன்னேன், அது நெசந்தான். அதுக்குக் கீழ எழுதியிருக்கீங்களே, பைலட் டிரேவர் பறக்குறப்ப தவறுதலா அத மூடிட்டாரு, அதனாலதான் இன்ஜின் நின்னு ப்ளேன் வயல்ல விழுந்துச்சுன்னு, அத யாரு சொன்னது? நான் சொன்னேனா?

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், க்ரீஸ் ஒட்டும், இதுல உக்காருங்க. விசாரணை ஆபீசருங்கறதுக்காக வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டேன். சிவசங்கரன்னு பேரு போட்டிருக்கு, தமிழ்தானே? நல்லதாப் போச்சு. கன்னடத்துல எனக்கு கோவம் பாதிதான் வரும்.

இந்த ஸ்ரீராம்புரத்துல இருபத்தெட்டு வருஷமா கார்புரேட்டர் வேல பாக்குறேன். பச்சைமுத்து கை வெச்ச இன்ஜின் நடுரோட்ல நின்னுச்சுன்னு ஒருத்தன் வந்து நிக்கட்டும் பாப்போம். ரகுராம் சார் வந்து, பொம்மனஹள்ளில ஷெட்டு எடுத்து சொந்தமா ஏரோப்ளேன் கட்டுறேன், இன்ஜின நீ பாத்துக்கோன்னப்ப நான் சிரிச்சேன். ஐ.டி. கம்பெனில கம்ப்யூட்டர் தட்டுற மனுஷன் ரெக்க செய்யுறாராம். ஆனா செஞ்சாரு, நாலு வருஷம், ஞாயித்துக்கெழம தவறாம. நானும் பழைய கார் இன்ஜின் ஒண்ணப் பிரிச்சு, கழுவி, தேஞ்சதெல்லாம் மாத்தி, பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாதிரி பாத்துப் பாத்துச் சேத்தேன்.

அந்த ரகுராமு இன்னிக்கு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, இல்ல? போட்டிருப்பாரு. தான் கட்டுனதுல குத்தமில்லன்னு ஆயிடுச்சே. ஊருக்கு எளச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டி. ஆஸ்பத்திரில இடுப்பு ஒடஞ்சு படுத்திருக்குறவன் தலையில கட்டிட்டா எல்லாருக்கும் நிம்மதி.

டிரேவர் சாரப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பிரேசர் டவுன்காரரு, ஏர்ஃபோர்ஸ்ல முப்பது வருஷம் ஓட்டுனவரு. வீட்ல கட்டுன ப்ளேன மொதமொதல்ல ஏத்திப் பாக்குறதுக்கு ஒருத்தனும் வர மாட்டேன்னப்ப அவருதான் வந்தாரு. ஷெட்டுக்கு வந்த மொத நாளே என்ன சொன்னாரு தெரியுமா? பச்சை, புது ப்ளேன்ல இன்ஜின் நிக்கும், கட்டாயம் நிக்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் ஏறுவேன், நீ கோச்சுக்காதேன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா கோலார் ரோட்டுத் தாண்டி அந்த ஓடுபாதைக்குப் போனமே, அப்ப அது முடியுற எடத்துலேருந்து ராகி வயல்ல எறங்கி ஒரு மைல் நடந்தாரு. கல்லு இருக்கா, கரெண்ட்டு கம்பி போகுதா, வரப்பு எவ்ளோ ஒசரம்னு ஒவ்வொண்ணாப் பாத்தாரு. இன்ஜின் நின்னா திரும்பி வரணும்னு நெனக்குறவன்தான் சாவான், நான் நேரா இந்த வயல்லதான் எறக்குவேன்னு கைய காட்டுனாரு. அதே வயல்லதான் எறக்குனாரு சார். வரப்பு தட்டித்தான் ஒருபக்கமாக் கவுந்துச்சு.

அப்படிப்பட்ட ஆளு கை தவறிக் கொழாய மூடுவாரா? இன்ஜின் செத்துப் போச்சு, தரையில போய் மோதப் போறோம்னா வெவரம் தெரிஞ்ச பைலட் என்ன செய்வான்? பெட்ரோல மூடுவான். இல்லன்னா தீப்புடிச்சு உள்ளயே கருகுவான். நின்ன பெறகு மூடுனாரு சார். மூடுனதாலதான் உசுரோட இருக்காரு.

ம். மொதல்ல நின்னுச்சா, மொதல்ல மூடுனாரான்னு கேக்குறீங்க. கேப்பீங்க. இன்ஜின் நல்லாருக்கு, டேங்க்ல பெட்ரோல் இருக்கு, கார்புரேட்டர்ல ஒரு தூசி இல்ல, அப்ப மூடாம எப்படி நிக்கும்னுதானே? அதானே உங்க வாதம்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரு சம்சாரம் ஆஞ்சலா மேடம் தலமாட்டுல உக்காந்து ஜெபமாலை உருட்டிக்கிட்டிருக்காங்க. தலையில அடிபட்டதுல மனுஷனுக்கு அந்த நாளே ஞாபகம் இல்ல. என்னப் பாத்துட்டு, பச்சை, நான்தான் மூடிட்டேன் போலருக்கு, வயசாயிடுச்சில்ல, உன் இன்ஜின நான் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோன்னாரு. என்கிட்ட மன்னிப்பு கேக்குறாரு சார். அவரு லைசென்ஸு போனா போகுது. தன்ன நம்புறதையே அந்த மனுஷன் உட்டுட்டாரு. உங்க பேப்பர்தான் அப்படி ஆக்கி வெச்சிருக்கு. எனக்கு அன்னியிலேருந்து சோறு எறங்கல.

என்ன பாக்குறீங்க? லேத்தா? ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு சார். மூணு வாரமாச்சு, அப்படியே இருக்கு. நல்ல சந்தனம், கட்டிய உரசி எடுத்தது, காஞ்சுச்சுன்னா உளி வெச்சுத்தான் பேக்கணும். எங்க கடையில ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வெப்போம், ஒண்ணையும் உட மாட்டோம்.

ரகுராம் மேல எனக்கு ஏன் ஆத்திரம்னா, அன்னிக்கி காலைல டிரேவர் சார் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. ப்ளேன கட்டிப் போட்டுட்டு, இன்ஜின அரைமணி நேரம் தரையிலயே முழுசா ஓட்டிப் பாப்போம், அப்புறம் ஏறுறேன்னாரு. போன வாரந்தான் நாப்பது நிமிஷம் ஓட்டுனமே சார், இன்னிக்கி விஜயதசமி, ஒம்போது மணிக்கு ராகு காலம் வந்துடும், அதுக்குள்ள சக்கரம் தரைய உட்டுறணும்னு குதிச்சாரு இவரு. சொந்தக்காரங்கள வேற ரெண்டு வேன் நெறயக் கூட்டியாந்துட்டாரு, கேசரி வேற பண்ணியாந்தாங்க. சரி, அஞ்சு நிமிஷம்னு ஓட்டுனாங்க. கணீர்னு ஓடுச்சு. ஏறுனாரு. மேல ஆறு நிமிஷம்.

அஞ்சும் ஆறும் பதினொண்ணு. அது என்ன கணக்குன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தராவது யோசிச்சீங்களா? அதுக்கு முந்தின வாரம் நாப்பது நிமிஷம் ஓடுன இன்ஜின், அன்னிக்கி பதினோரு நிமிஷத்துல ஏன் நிக்குது? நடுவுல என்ன மாறுச்சு? யாரும் ஒரு ஸ்க்ரூ கூட திருகல. பூஜைதான் நடந்துச்சு.

எழுதாதீங்க, மொதல்ல கேளுங்க. பெட்ரோல் டேங்க் மூடியில ஊசி மொன அளவு ஒரு ஓட்ட உண்டு. பெட்ரோல் கீழ எறங்க எறங்க அது வழியா காத்து உள்ள போகணும். அது அடச்சுக்கிச்சுன்னா பெட்ரோல் வராது. கொழந்த பால் உறிஞ்சுறப்ப பாட்டில் நிப்பிள் ஒட்டிக்கும்ல, அந்த மாதிரிதான். உடனே நிக்காது. பத்து நிமிஷமாவது ஆகும்.

மூடி எங்கன்னுதானே? வயல் பூரா ரெண்டு நாள் ராகிய மிதிச்சுத் தேடுனீங்க, தெறிச்சு உழுந்துடுச்சுன்னு எழுதிட்டீங்க. எப்படிக் கெடைக்கும்? இந்த ட்ராயர்ல இருக்கு. இந்தாங்க. அவர வெளிய இழுத்துப் போட்டுட்டு, பெட்ரோல் இருக்கான்னு பாக்கலாம்னு நான்தான் தொறந்தேன். புஸ்ஸுன்னு காத்த உள்ள இழுத்துச்சு. அந்தச் சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். பயந்துட்டேன் சார். இருபத்தெட்டு வருஷப் பேரு போயிடுமேன்னு பயந்துட்டேன். ரகுராமத் திட்டுறேன், உங்களத் திட்டுறேன், மூணு வாரமா என்ன நானே செருப்பால அடிச்சுக்காத கொறதான்.

ஆமா, நடுவுல ஓட்டைய அடச்சுக்கிட்டு மஞ்சளா இருக்குறதுதான். சந்தனம், மேல குங்குமம். முன்னாடி நாள் சாயங்காலம் டிரேவர் சார் எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டு, இனிமே யாரும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போன பெறகு வெச்சேன். வேற பேப்பர் எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க, கீழ கையெழுத்துப் போடுறேன்.

இன்னொண்ணு இருக்கு, அதையும் எழுதிக்குங்க. காலைல ஏறுறதுக்கு முன்னாடி ப்ளேன ஒரு சுத்து சுத்தி வந்தாரு. மூடிகிட்ட நின்னாரு. பொட்டப் பாத்துட்டு கைக்குட்டைய எடுத்தாரு. அவரு சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, நம்ம மனசு நோகக்கூடாதுன்னு என்னத் திரும்பிப் பாத்து, பச்சை, இத மட்டும் தொடைச்சுடட்டுமான்னு கேட்டாரு. நான்தான், சாமி பொட்டு சார், இருக்கட்டும்னேன். சரிப்பான்னு கைக்குட்டைய மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டு ஏறிப் போயிட்டாரு.