அடித்த கொக்கி, வார்த்த கொக்கி

— கொக்கியை முதல்ல மேஜை மேல வைப்பா கருப்பசாமி. மடியில வச்சுண்டு பல்லைக் கடிச்சா நான் எப்படிப் பாக்கறது?

— கைய விட்டு இறக்க மனசு வரல ராஜாராமன் சார். எந்தம்பி மதியழகன் தலையில விழுந்த கான்கிரீட் தொட்டி இதுலதான் தொங்குச்சு. அவன் போயி இன்னியோட இருபத்தோரு நாளு.

— செங்கம்மாள் சொன்னா. நேத்து எங்காத்துக்கு வேலைக்கு வந்தவ ஒரே பாத்திரத்தைத் தேய்ச்சுண்டே இருந்தா. குழாயை மூடவே இல்லே. என் ஆத்துக்காரிதான் போய் மூடினா.

— எந்தம்பி பொண்டாட்டி மொகத்த என்னால பாக்க முடியல சார். இதுக்குக் காரணமானவன உள்ள தள்ளாம ஊருக்குப் போகமாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். இந்தக் கொக்கிய வித்த இந்திக்காரக் கடைக்காரன் தினேஷ் கம்பி எண்ணணும். நீங்க சர்க்கார் லேப்ல முப்பது வருசம் இரும்பு சோதிச்சவரு. கொக்கி மட்டம்னு ஒரு லெட்டர் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.

— மீதின்னா?

— கேஸ் நிக்கலைன்னா அவன் கடை நிக்காது. அச்சா?

— பேசாம இரு. உடைஞ்ச எடத்தைப் பாரு. கல்கண்டு உடைஞ்ச மாதிரி பொடிப்பொடியா இருக்கு. நடுவுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை. இது வார்ப்பு. இரும்பை உருக்கி அச்சுல ஊத்தினது.

— ஊத்துனா தப்பா சார்?

— இட்லி மாதிரிப்பா. பிட்டா பட்டுனு வந்துடும். பளு தூக்கற கொக்கியைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால அடிச்சுச் செய்வா. அது நன்னா பிசைஞ்ச சப்பாத்தி மாவு. இழுத்தாலும் லேசுல பிய்யாது. பாரம் தாங்கலைன்னா கொக்கியோட வாய் மெதுவா விரியும். கீழ நிக்கறவன் பாத்துட்டு ஓடிடலாம்.

— சும்மா கம்பிய வளைச்சும் குடுக்கறாங்களே?

— அது பாரம் ஏறினா நிமிர்ந்துடும். அதுவும் கண்ணுக்குத் தெரியும். இந்த வார்ப்பு மட்டும்தான் சொல்லாம கொள்ளாம போகும்.

— அப்ப ஓடறதுக்குக்கூட எந்தம்பிக்கு அந்த நாயி வழி வைக்கல. எழுதுங்க சார், ஜல்தி எழுதுங்க. அவன் பொண்டாட்டியும் செங்கம்மா மாதிரி பொணவறை வாசல்ல நிக்கட்டும்.

— எழுதிண்டுதான் இருக்கேன். 'அடித்த கொக்கி என்று சொல்லி, வார்த்த கொக்கியைத் தினேஷ் விற்றார்.' சரிதானே? மதியழகன்கிட்ட அப்படிச் சொல்லியா வித்தான்?

— அவன் சாரத்துல இருந்தான் சார். கடைக்கு நாந்தான் போனேன். தினேஷ் ஒண்ணும் சொல்லல. ரெண்டு டப்பாவக் காட்டி எது வேணும்னு கேட்டான்.

— ரெண்டு டப்பாவா? எப்படிக் கேட்டான்? அவன் வார்த்தையிலேயே சொல்லு.

— 'ஃபோர்ஜிங் வாலா, யா டலாய் வாலா?'ன்னான்.

— நீ என்ன சொன்னே?

— நம்மளுது ஸ்லாப் போடற வேலை. கான்கிரீட் தொட்டி தூக்கணும். டலாய்க்குத்தான வேணும்? 'டலாய் வாலா தேதோ பையா', அதையே குடுன்னேன். அவங்கூட இன்னொரு வாட்டி கேட்டான், 'பக்கா? டலாய் வாலா?'ன்னு. பக்கான்னேன். ஏன் சார் பேனாவ மூடிட்டீங்க?

— கருப்பசாமி, உங்க சைட்டுல டலாய்னா கான்கிரீட் போடறது. இரும்புக் கடையில டலாய்னா வார்ப்பு. ரெண்டும் ஊத்தறதுதானே, இந்திக்காராளுக்கு ஒரே சொல்லு.

— அப்ப அந்த இன்னொரு டப்பா?

— அதுல இருந்ததுதான் ஃபோர்ஜிங், அடிச்ச கொக்கி. நீ ஏதோ விளக்கு மாட்டறதுக்குக் கேக்கறேன்னு அவன் நெனைச்சிருப்பான். தண்ணி குடிக்கறயா?

— வேணாம் சார். பேனாவத் தொறங்க. செங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். தினேஷ் பேர அடிச்சுட்டு எம்பேர எழுதுங்க.