ஏழாம் எண் சட்டையும் அந்த நாலு மணி நேரமும்

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! என் உயரத்துக்கு ஒலிபெருக்கியை இறக்கிக் கொடுத்த கணக்கு வாத்தியார் அவர்களே! முன்வரிசைப் பெரியவர்களே! கைப்பேசியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு என்னையே பார்ப்பதுபோல் பாவனை செய்யும் தாய்மார்களே! அதோ, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் ஆராய்ச்சிக்காரத் தம்பி! உங்களுக்கும் வணக்கம். கொஞ்சம் குறைவான வணக்கம்.

சிரிக்காதீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மறக்கத் தெரியாதவள். போன மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. தம்பி இந்தப் பள்ளிக்கு வந்தார், தாள் தந்தார், தகவல் கேட்டார். ஒரு வாரத்தில் உன் கைப்பேசி தினம் எத்தனை மணி நேரம் ஓடியது? அது காட்டும் கணக்கைப் பார்த்து எழுது. தூக்கம் எப்படி? நீயே எழுது. பிள்ளைகள் எழுதினார்கள். கைப்பேசி நேரம் கூடக் கூடத் தூக்கம் கெடுகிறது என்று முடிவு வந்தது. நாலு மணி நேரத்தைத் தாண்டிய மூன்று பெண்களைக் கைப்பந்து அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருத்தி என் பேத்தி. ஏழாம் எண் சட்டையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாளே, அதைப் பார்த்த கண்கள் இவை!

அன்றே எதிர்வீட்டுத் தையல்காரி கேட்டாள்: "உங்க பேத்தி போனே கதின்னு கெடக்கறாளாமே?" அவளோடு இன்றுவரை பேச்சில்லை. மெல்லச் சிரியுங்கள், மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.

பேத்தியைப் பிடித்து உலுக்கினேன். "நாலு மணி நேரம் அப்படி என்னத்தடி பாக்கறே?"

"பாக்கறது நான் இல்ல பாட்டி, நீதான். என் போன்ல நாடகம்."

"சரி, தூக்கம் வரலன்னு எழுதினியே, அது?"

"அதுவும் நீதான். குறட்டை."

"இதை அந்தத் தம்பிகிட்ட சொல்றதுக்கென்ன?"

"தாள்ல அதுக்குக் கட்டமே இல்லையே பாட்டி!"

சபையோரே! கைப்பேசியைப் பார்த்தவள் யார்? நான்! தூக்கத்தைக் கெடுத்தவள் யார்? நான்! தண்டனை யாருக்கு? என் பேத்திக்கா?

மற்ற இரண்டு வீட்டுக்கும் நடந்தே போனேன். ஓட்டுநர் மகளுக்குப் பரீட்சை பயத்தில் தூக்கம் வருவதில்லை. வராததால்தான் கைப்பேசியை எடுக்கிறாள். தாதியம்மா மகள் நிஜமாகவே பார்க்கிறாள், தாயே சொன்னார். ஆகவே ஆராய்ச்சியே பொய் என்று அடித்துப்பேச நான் வரவில்லை. மூன்று வீட்டில் மூன்று கதை. தாளில் மட்டும் ஒரே கதை! எண் பொய் சொல்லவில்லை ஐயா, எண்ணிடம் யாரும் விசாரிக்கவில்லை!

என்ன தம்பி? மறுபடியும் தாள் கொடுத்துக் கேட்கப் போகிறீர்களா? தாராளமாக! யார் பார்த்தது என்று ஒரு கட்டம் போடுங்கள். தூக்கக்கேடா, கைப்பேசியா, எது முதலில் வந்தது என்று ஒரு கட்டம். பக்கத்தில் படுப்பது யார் என்று மிகப்பெரிய கட்டம்! நான் கூடத்துக்குப் படுக்கையை மாற்றிவிட்டேன். என் பேத்தி நன்றாகத் தூங்குகிறாள்.

அம்மா, அந்த நாலு மணி நேரத்துக்காக அணியிலிருந்து யாரையாவது நீக்கியே தீரவேண்டும் என்றால், என்னை நீக்குங்கள்! இதோ, ஏழாம் எண் சட்டை. துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறேன், என் பேத்திக்கே திரும்பக் கொடுங்கள்.

அம்மா எழுந்து வாங்கிக்கொள்கிறார், சரியென்று தலையும் ஆட்டுகிறார்! இனி எனக்கென்ன பேச்சு? பொறுமையாய்க் கேட்ட எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு இந்த முறை முழு வணக்கம். தையல்காரிக்கு மட்டும் இன்னும் யோசிக்கிறேன்.